மரத்தை வருத்தாத மரமுடி நடைபாதை

கனடாவின் வட வன்கூவரில், கப்பிலானோ ஆற்றுக்கு 70 மீற்றர் உயரத்தில் 140 மீற்றர் நீளமான தொங்குபாலமொன்று உள்ளது. 1889 ஆம் ஆண்டில் சணற்கயிற்றினாலும் தேவதாருப் பலகைகளினாலும் அமைக்கப்பட்ட இப்பாலம் 1903 இல் கம்பிவடங்களைப் பெற்றது. 1956 இல் முற்றாக மீளமைக்கப்பட்டது.

ஆயினும், 2004 இல் இம்மழைக்காட்டுப் பூங்காவில் திறக்கப்பட்ட மரமுடி நடைபாதையே எமது கவனத்திற்குரியது. முதிர்ந்த டக்ளஸ் ஊசியிலை மரங்களை ஏழு சிறு தொங்குபாலங்கள் இணைக்கின்றன. மரங்களில் ஆணிகள் அறையப்படவில்லை. அடிமரத்தைச் சுற்றி இறுக்கப்பட்ட வளையங்களின் அழுத்தமே மேடைகளைத் தாங்குகின்றது. பட்டைக்குக் கீழேயே மரத்தின் உணவு செல்லும் உயிர்ப்படை உள்ளது. அங்கு ஏற்படும் காயம் பூஞ்சணத்திற்கும் அழுகலுக்கும் வாயிலாகும்.

காட்டைக் காண வருவோருக்காகக் காட்டையே சிதைப்பது முதலை அழித்து வட்டி தேடுவதற்கொப்பானது. உல்லாசப் பயணத்துறையை வளர்க்க விழைவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.