சீட்டாடுங்க... தப்பே இல்லை!

'சீட்டு' என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. சீட்டாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்தவர், மனைவியின் வளையலை அடகு வைத்தவர் என்று ஊருக்கு நாலு கதை உண்டு. செல்போனுக்குள் ரம்மி நுழைந்தபிறகு இந்த வேதனை இன்னும் பெரிதானது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2022-ல் தமிழக சட்டசபையும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் மசோதா நிறைவேற்றியது அதனால்தான்.

ஆனால், அதே 52 சீட்டில் பந்தயம் இல்லாத, எதிராளி இல்லாத, பைசா செலவில்லாத ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதுதான் சாலிடேர்!

1990-ல் விண்டோஸ் 3.0-வோடு இந்த ஆட்டமும் சேர்ந்தே வந்தது. மௌஸைப் பிடித்து இழுக்கப் பயந்தவர்களுக்கு, விளையாட்டாகவே அதைப் பழக்கிவிட்டது. பிறகு பட்டன் வைத்த சின்னச் சின்ன கேம் மெஷின்களிலும் வந்து, இப்போது எல்லோர் கையிலும் இருக்கிற செல்போனில் உட்கார்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும்போது மனசு என்னென்னவோ நினைக்கும். காலில் மாவுக்கட்டு போட்டுப் படுத்திருப்பவருக்குப் பொழுது நகராது. அந்த மாதிரி நேரங்களில் பத்து நிமிஷம் கவனத்தைத் திருப்ப இது நல்ல துணை. 'மறதி நோயே வராது' என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீங்க. அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடையாது.

எப்படி ஆடுவது?

செல்போனில் பல வகை சாலிடேர் உண்டு. 'க்ளாண்டைக்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்க. அதுதான் எல்லோருக்கும் பழகிய வகை.

திரையில் ஏழு வரிசை தெரியும். முதல் வரிசையில் 1 சீட்டு, இரண்டாவதில் 2... இப்படியே ஏழாவதில் 7. மொத்தம் 28 சீட்டு. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டு மட்டும் முகம் காட்டும். மற்ற 21-ம் கவிழ்ந்திருக்கும். மிச்சம் 24 சீட்டு ஒரு மூலையில் கட்டாக இருக்கும்.

மேலே நாலு காலி இடம் இருக்கிறதா? ஸ்பேட், ஹார்ட்டின், டைமண்ட், கிளாவர் நாலுக்கும் ஆளுக்கு ஒரு வீடு. ஏஸில் தொடங்கி 2, 3, 4 என்று ஏறி, ராஜா வரை அடுக்க வேண்டும். நாலு வீடும் நிறைந்தால் ஜெயம்!

கீழே உள்ள வரிசைகளில் இதற்கு நேர்மாறு. பெரியதிலிருந்து சின்னதாக இறங்க வேண்டும். நிறமும் மாறி மாறி வர வேண்டும். கறுப்பு 9-ன் மேல் சிவப்பு 8, அதன் மேல் கறுப்பு 7... முகம் தெரியும் சீட்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால், கொத்தாகவே தூக்கி வேறு வரிசைக்கு மாற்றலாம். ஒரு வரிசை முழுக்கக் காலியானால், அங்கே ராஜாதான் உட்கார முடியும்.

போனில் சீட்டை விரலால் இழுத்து விடுங்க. பட்டன் மெஷினாக இருந்தால் அம்புக்குறி பட்டனால் சீட்டுக்குப் போய், தேர்ந்தெடுக்கும் பட்டனை அழுத்துங்க. கீழே நகர்த்த எதுவும் இல்லையா? மூலைக் கட்டைத் தொட்டால் புதுச் சீட்டு வரும். ஒவ்வொன்றாகத் திருப்புவது சுலபம். மூன்று மூன்றாகத் திருப்பினால், மேலே இருப்பதை மட்டுமே எடுக்கலாம். புதியவர்கள் ஒன்றிலேயே ஆரம்பிப்பது நல்லது.

ஜெயிக்க நாலு யோசனை

* கவிழ்ந்த சீட்டைத் திறப்பதுதான் முதல் வேலை. இரண்டு இடத்தில் நகர்த்த வழி இருந்தால், கவிழ்ந்த சீட்டு அதிகமுள்ள வரிசையைக் கவனிங்க.

* ஏஸும் 2-ம் கிடைத்ததும் மேலே அனுப்பிடுங்க. 5, 6, 7-க்கு அவசரம் வேண்டாம். கீழே வேறு சீட்டைத் தாங்க அவை தேவைப்படும்.

* ராஜா கையில் இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்யாதீங்க. இடம் சும்மா கிடக்கும்.

* காலி இடத்தில் கறுப்பு ராஜாவா, சிவப்பு ராஜாவா? சிவப்பு ராணி காத்திருந்தால் கறுப்பு ராஜா. கறுப்பு ராணி காத்திருந்தால் சிவப்பு ராஜா.

'ஜெயிச்சுட்டுப் படுக்கறேன்!'

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும்.

"மாமா, மணி பன்னிரண்டு ஆகுது. இன்னும் தூங்கலையா?"

"இந்த ஒரு ஆட்டம்தாம்மா... ஜெயிச்சுட்டுப் படுத்துடறேன்."

வம்பே அந்த 'ஜெயிச்சுட்டு'வில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்வது என்ன தெரியுமா? மூன்று மூன்றாகத் திருப்பும் ஆட்டத்தில், கவிழ்ந்த சீட்டெல்லாம் என்னவென்று முன்கூட்டியே தெரிந்தால்கூட, நூற்றுக்கு சுமார் 82 ஆட்டங்களில்தான் ஜெயிக்க வழி உண்டு. மற்றவற்றில் எப்பேர்ப்பட்ட புத்திசாலி ஆடினாலும் தோல்விதான்! நமக்கோ 21 சீட்டு கண்ணுக்கே தெரியாது. அதனால் நாம் ஜெயிப்பது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். ஆக, தோற்றால் அது உங்கள் மூளையின் குறை இல்லை. ஜெயிக்கும்வரை விடமாட்டேன் என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

இதற்கு மருந்து சுலபம். போனைக் கையில் எடுக்கும்போதே 'மூணு ஆட்டம்' என்று சொல்லிக்கோங்க. ஜெயித்தாலும் தோற்றாலும் மூணோடு சரி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அளவு மாதிரி நினைச்சுக்கோங்க.

உடம்பு சொல்வதைக் கேளுங்க

கண்: திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும். கண் வறண்டு எரிவது அதனால்தான். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்க. செட்டிங்ஸில் 'பெரிய சீட்டு' இருந்தால் அதை வெச்சுக்கோங்க.

கட்டைவிரல்: ஒரே விரலால் இழுத்துக்கொண்டே இருந்தால், கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி வரலாம். போனை மேஜையில் வைத்து ஆள்காட்டி விரலால் ஆடுங்க. வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்க.

கழுத்து, இடுப்பு: குனிந்து ஆடாமல் போனைச் சற்று உயர்த்திப் பிடிங்க. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்க. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ரொம்ப அவசியம்.

தூக்கம்: படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனுக்கு விடை கொடுங்க. அப்புறமும் ஆசையாக இருந்தால், நிஜச் சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில் பரப்புங்க. ஆட்டம் அதேதான்!

பர்ஸ் பத்திரம்!

நிஜமான சாலிடேருக்குப் பணமே வேண்டாம். 'ஜெயித்தால் ரொக்கம்' என்றோ, பாங்க் விவரம் கொடு என்றோ கேட்டால் உடனே நீக்கிடுங்க. ஆட்டத்துக்கு நடுவே வரும் விளம்பரத்தில் பெரியவர்கள் விரல் தவறிப்போய் பட்டுவிடும். இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஆடினால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இருக்காது. அப்பா, அம்மா போனில் இதை நீங்களே செய்து கொடுங்க.

எப்போது கவலைப்படணும்?

ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, வேலை, உறவு எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிட்டது, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது... இவை மாதக்கணக்கில் நீடித்து வாழ்க்கையைப் பாதித்தால், அதை ஒரு கோளாறாகவே உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. திட்டுவதாலோ போனைப் பிடுங்குவதாலோ இது சரியாகாது. மனநல மருத்துவரைப் பாருங்க.

மற்றவர்கள் நிம்மதியாக ஆடலாம். ஆடுங்க, மூணே மூணு ஆட்டம். நாலாவது ஆட்டத்துக்குக் கை நீண்டால் போனைக் கவிழ்த்து வெச்சுட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுங்க!