உழைக்கும் உடல் – 6: குகை வெளவாலும் ஓட்டப்பிடாரத்து வீடும்

இரவு ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடியும். ஏழு மணிவாக்கில் புதியம்புத்தூர் வழியாக ஓட்டப்பிடாரம் வரும் சாலையில் நின்றால் பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். துறைமுகத்தில் விடிய விடியச் சரக்கு இறக்கியவர்கள், அனல்மின் நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள், கம்பெனி வாசலில் காவல் நின்றவர்கள். தூத்துக்குடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இவர்களில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் குறை ஒன்றுதான். “படுத்ததும் தூக்கம் வந்துருது அண்ணாச்சி. ஆனா பன்னெண்டு மணிக்கு மேல நிக்க மாட்டேங்குது.”

சென்ற வாரம் கண் எரிச்சலைப் பற்றி எழுதியபோதே பலர் இதைத்தான் கேட்டிருந்தார்கள். மாத்திரை இல்லாமல் பகலில் தூங்க வழி உண்டா? உண்டு. ஆனால் அந்த வழியில் பாதிதான் தூங்குகிறவர் கையில் இருக்கிறது. மீதி, வீட்டார் கையிலும் தெருவின் கையிலும் வேலை வாங்குகிறவர் கையிலும் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் கலைவது பலவீனம் அல்ல. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. புளியமரம் இரவில் இலைகளை மடக்கிக்கொள்வது நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான ஆண்ட்ரோஸ்தெனிஸ் இன்றைய பஹ்ரைன் தீவில் இதைப் பார்த்து வியந்து குறித்து வைத்தது இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு. 1729-இல் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாத இடத்திலும் அது காலையில் இலை விரித்தது, மாலையில் மடக்கியது. நேரம் வெளியிலிருந்து மட்டும் வருவதல்ல, உயிருக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி. அந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நான் இங்கே சொல்ல விரும்புவது மதுரையில் நடந்த ஆராய்ச்சியை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் தலைமையில் உயிர்க்கடிகார ஆய்வுக்கென்றே ஒரு குழு இருந்தது. ஜன்னலும் கடிகாரமும் இல்லாத தனியறை ஒன்றைக் கட்டி, அதில் மனிதர்களை வாரக்கணக்கில் தங்கவைத்து அவர்கள் உறங்குவதையும் விழிப்பதையும் குறித்தார்கள். அதற்கு முன்பே அவரும் மாரிமுத்து உள்ளிட்டோரும் வெளவால்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உலகக் கவனத்தைப் பெற்றது. வெளிச்சம் சிறிதும் எட்டாத ஒரு குகை. அதில் வாழும் வெளவால்கள் அந்தி சாயும் நேரத்தில் இரை தேடிக் கிளம்பும், விடியுமுன் திரும்பும். அவற்றில் சிலவற்றைக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். கூண்டில் இருந்த வெளவால் சூரியனைப் பார்க்க வழியே இல்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்துக்கு அதுவும் விழித்துச் சிறகடித்தது. வேறு வெளவால்கள் இல்லாத குகையில் தனியே வைத்தபோதோ, அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவித் தன் போக்கில் ஓடியது. 1981-இல் வெளியான இந்த ஆய்வு சொன்னது இதுதான்: வெளிச்சம் இல்லாத இடத்தில் அந்த வெளவால்களுக்குக் கூட இருப்பவர்களே கடிகாரம்.

மனிதனுக்கு வெளிச்சம்தான் முதல் கடிகாரம். ஆனால் கூட இருப்பவர்களின் நடமாட்டமும் சிறிய விஷயமல்ல. ஊரே விழித்திருக்கும்போது ஒருவர் மட்டும் தூங்க வேண்டும் என்றால், அந்த வீடு அவருக்காக நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டப்பிடாரத்தில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்தேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த அம்மா சொன்னார்: “அவுக வந்து படுத்துட்டா எங்க வீட்டுல குக்கர் விசில் அடிக்காது அண்ணாச்சி. சோறு கொழம்பு எல்லாம் ஏழரைக்குள்ள முடிஞ்சிரும். போன் ஏங்கிட்ட இருக்கும். சிலிண்டர் கொண்டு வர்ற தம்பிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், ஹாரன் அடிக்காம எனக்குப் போன் போடுவான்.” இரும்புக் கேட்டில் ‘நைட் டூட்டி’ என்று எழுதிய அட்டை தொங்குகிறது. பக்கத்து வீட்டில் மாவு ஆட்டுவதையும் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த மனிதர் ஆறு மணி நேரம் தூங்குகிறார். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிட ஒன்று முதல் நான்கு மணி நேரம் வரை குறையும் என்பது ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டது. ஆறு மணி நேரம் பெரிய விஷயம்.

இனி, தூங்குகிறவர் கையில் இருப்பது.

முதலில் காலை வெளிச்சம். தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் திரும்பும்போது சூரியன் முதுகுப் பக்கம்தான். அதனால் கண் கூசாது, கறுப்புக் கண்ணாடி தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. திறந்த வானத்தின் காலை வெளிச்சமே வீட்டு ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு பலமானது. கண்ணில் அது விழுந்ததும் ‘பகல் வந்துவிட்டது’ என்ற செய்தி மூளைக்குப் போகிறது, தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பு அடங்குகிறது. கண்ணாடி போடுங்கள். ஆனால் வண்டி ஓட்டும்போதே கண் சொருகுகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: கண்ணாடியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். அல்லது கிளம்பும் முன் வேலையிடத்திலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டு வாருங்கள். தூக்கத்தைவிட உயிர் முக்கியம்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்கள் கவனம் வைப்பதில்லை. காலையில் தூங்குகிறவருக்குக் கிழக்குப் பார்த்த அறை ஆகாது. மேற்குப் பக்கத்து அறை மதியம் வரை நிழலாக இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதற்கும் முன்னால். பனையோலை வேய்ந்த பழைய வீடுகளில் பகலில் தூங்கியவர்களுக்கு இந்தக் கொடுமை இருந்ததில்லை. இப்போதும் கூரைத் தகரத்தின் மேல் ஓலை பரப்புகிறவர்களைப் பார்க்கிறேன், நல்ல காரியம். ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணியோ பழைய ஜமுக்காளமோ போதும். கதவை மூடினால் உங்கள் உள்ளங்கை உங்களுக்கே தெரியாத அளவுக்கு இருட்டு வேண்டும்.

உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் பிடிக்கும். வந்ததும் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் விழிப்பும் வந்துவிடும். இளஞ்சூட்டில் குளியுங்கள். தோலுக்கு ரத்தம் ஓடி, உள்சூடு வெளியேறும்.

டீயைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டீயிலும் காபியிலும் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்ததும் தூக்கத்தைக் குறைக்கும். எட்டு மணிக்குப் படுப்பவருக்குக் கடைசி டீ இரவு ஒன்றரை. நாலு மணி டீதான் கண்ணை நிறுத்துகிறது என்பார்கள், அது உண்மைதான். ஒன்பது மணிக்கும் அதுவே நிறுத்துகிறது. நடு இரவில் பரோட்டா சால்னாவும் அப்படித்தான். இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருக்கிறது. இரவு ஷிஃப்ட் போன்ற சூழலில் ஆட்களை வைத்துச் செய்து 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது, சாப்பாட்டைப் பகலோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு ஏறவில்லை. கிளம்புமுன் வயிறாரச் சாப்பிடுங்கள். இரவில் பசித்தால் இரண்டு வாழைப்பழம், மோர். திரும்பியதும் இரண்டு இட்லி.

துறைமுகத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும் ஒரு யோசனை தூக்க ஆய்வாளர்களிடம் இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘நங்கூரத் தூக்கம்’. ஷிஃப்ட் இருந்தாலும் விடுமுறை ஆனாலும் தினமும் நான்கு மணி நேரத்தையாவது ஒரே நேரத்தில் தூங்கிவிடுவது. காலை எட்டு முதல் பன்னிரண்டு என்று வைத்தால், விடுமுறை நாளிலும் இரவு நேரம் கழித்துப் படுத்து அந்த நேரத்தின் பெரும்பகுதியைத் தொடும்படி பார்த்துக்கொள்ளலாம். மீதித் தூக்கத்தைச் சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம் போட்டு ஈடுகட்டலாம். இரண்டு தவணையாகத் தூங்குவதில் குற்றமில்லை. பகலுறக்கம் கூடாது என்று தேரையரின் பிணியணுகா விதி சொல்வதை எடுத்துக்காட்டி மாமியார்கள் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அது இரவில் உறங்கியவர்களுக்கான விதி. இரவெல்லாம் உழைத்தவரைச் சோம்பேறி என்று சொல்ல அந்தப் பாட்டைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

மூலிகை கேட்பவர்களுக்கு: ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு. அமுக்கராவால் சிலருக்குப் பலன் இருப்பதாக ஆய்வுகள் உண்டு, ஆனால் கர்ப்பிணிகளும் தைராய்டு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும் என்பது பெரிய ஏமாற்று. சீக்கிரம் கண்ணை மூடவைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் தட்டி எழுப்பிவிடும். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் எந்த வைத்தியமும் வீட்டில் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் போனால் அநியாயம். அட்டை தொங்கும் அதே தெருவில் ஒரு செவிலியர் இருக்கிறார். இரவுப் பணி முடிந்து வந்ததும் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, துணி துவைப்பது. படுக்கும்போது பதினொன்று. தண்ணீர் வரும் நாளில் ஒரு மணிக்கு எழுந்து குடம் வைக்க வேண்டும். அவர் வீட்டுக் கேட்டில் அட்டை இல்லை. உப்பளத்துக்குப் போகும் பெண்கள் வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியதும் எழுந்து, சோறு பொங்கி வைத்துவிட்டு இருட்டிலேயே கிளம்புகிறார்கள். அவர்கள் கணக்கில் இரவு ஷிஃப்ட் என்று எதுவும் இல்லை, ஆனால் தூக்கம் பறிபோவது அதே அளவுதான். ஆணுக்காகக் குக்கரை நிறுத்தும் வீடு பெண்ணுக்காகவும் நிறுத்த வேண்டும். ஆண் எழுந்து அந்தக் குக்கரை வைக்கவும் வேண்டும்.

சட்டமும் இரவில் தூங்குகிறவர்களை மட்டுமே நினைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல், பகலில் 55. கொடை நடக்கும் நாட்களில் பகல் முழுக்கக் குழாய் அலறினால் பகலில் தூங்குகிறவர் யாரிடம் போவார்? விழாக்குழுவில் இருப்பவர்கள் தெருவில் எத்தனை நைட் டூட்டிக்காரர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், குழாயின் முகத்தைத் திருப்பி வைக்கவாவது மனம் வரும்.

கடைசியாக, வேலை வாங்குகிறவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மறுபடி 2019-இலும் இரவு ஷிஃப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. ஆகவே இது கொட்டாவி சம்பந்தப்பட்ட சங்கதி அல்ல. தூத்துக்குடிக்குப் பொருத்தமான ஒரு சான்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பெரிய உப்பு ஏரியிலிருந்து தாது எடுக்கும் ஆலையில் வாரம் ஒருமுறை ஷிஃப்ட் பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தது: இரவு, பிறகு மாலை, பிறகு காலை. சார்லஸ் ஸைஸ்லர் குழுவினர் அதைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பினார்கள். ஒரு ஷிஃப்டில் இருக்கும் காலத்தையும் மூன்று வாரமாக நீட்டினார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நிலையும் உயர்ந்தன, உற்பத்தியும் உயர்ந்தது. 1982-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. மனிதனின் உள்கடிகாரம் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுவதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னால் இழுப்பது கடினம். காரணம் அவ்வளவுதான். இதற்கு ஒரு ரூபாய் முதலீடு வேண்டாம், அட்டவணையைத் திருப்பி எழுதினால் போதும்.

வேலை நேரத்துக்காகப் போராடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரனார், 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு சுப்பிரமணிய சிவாவோடு தலைமை ஏற்றார். கூலி உயர்வோடு வாரம் ஒரு நாள் ஓய்வும் அவர்கள் கோரிக்கை. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. நாற்பது ஆண்டு கழித்து வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம், நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட் தொழிலாளிக்கு விடுமுறை என்பது ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று 57-ஆம் பிரிவில் எழுதியது. காலை ஆறு மணிக்கு விட்டுவிட்டு அதே நாள் இரவு பத்துக்குக் கூப்பிட்டால் அது விடுமுறை ஆகாது.

தூத்துக்குடியின் தொழிற்சங்கத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை நிர்வாகத்தோடு கூலி பேச உட்காரும்போது ஷிஃப்ட் அட்டவணையையும் மேசையில் வையுங்கள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் சுழற்சியைக் கேளுங்கள். இரவு ஷிஃப்டுக்காரர்களை ஊருக்குக் கொண்டுவிட ஒரு வண்டியும் கேளுங்கள்.