உலோகத் தோற்றப் பேனாக்கள்: விற்கும் முன் அறிய வேண்டியவை



மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் கல்லாவுக்கு அருகில் ஓர் அட்டைப் பேனாவும் தொங்கவிட்டிருக்கிறோம். அதில் வருவது சில்லறை லாபம்தான். ஆனால் பணி ஓய்வு, ஆண்டு விழா என்று வரும்போது, கையால் கடைந்த நல்ல பேனா இருக்கிறதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காக வரும் சரக்குகளில் ஒன்று, செம்பு, வெண்கலம், எஃகு போலத் தோன்றும் கலப்புப் பொருள் பேனா.

ஓர் ஆசிரியரின் பணி ஓய்வு விழாவுக்காக என் கடையில் அப்படி ஒரு பேனா வாங்கினார்கள். "முழுக்கச் செம்பு" என்று எனக்குச் சரக்குக் கொடுத்தவர் சொன்னதை நானும் அப்படியே சொல்லி விற்றேன். சில நாட்களில் பேனா கீழே விழுந்து விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது. செம்பு நசுங்கும், சில்லாகப் பெயராது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மேடையில் கொடுத்த பரிசு போலி என்று ஊரில் பேச்சானதை என்னால் திருப்ப முடியவில்லை. உண்மையில் அந்தப் பேனா போலி அல்ல. நான் சொன்ன சொல்தான் தவறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டை என்பது என்ன?

பேனா கடைவதற்கான கட்டை பொதுவாக முக்கால் அங்குல சதுரமும் 5 அங்குல நீளமும் கொண்டது. மரம், எபனைட், அக்ரிலிக் என்று பலவகை உண்டு. எபனைட் பேனாக் கடைசல் நமக்குப் புதிதல்ல; ராஜமுந்திரியும் நம் திருவள்ளூரும் அதற்குப் பெயர் பெற்றவை. உலோகத் தோற்றக் கட்டை அதற்குப் பிந்தியது. நுண்ணிய செம்பு, பித்தளை, வெண்கலம் அல்லது அலுமினியப் பொடியை ரெசினில் கலந்து, அச்சில் ஊற்றி இறுக வைக்கிறார்கள். உலோகத்தை உருக்குவதில்லை.

இன்னொரு வகையில் உலோகப் பொடியே இருக்காது. மைக்கா, அதாவது காக்காப்பொன்னைப் பொடியாக்கி, அதன்மேல் டைட்டானியம் ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசினால் வெள்ளி, பொன், செம்பு நிறங்களில் மின்னும். அதை ரெசினில் கலந்தாலும் கண்ணுக்கு உலோகமாகவே தெரியும்.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். "மொகுமே" என்பது பல நிற உலோகத் தகடுகளை ஒன்றாக இணைத்து மரரேகை போல வரவழைக்கும் ஜப்பானியக் கலை. "டமாஸ்கஸ்" என்பது அலையலையான ரேகை கொண்ட வாள் எஃகின் பெயர். கலப்புக் கட்டையில் இந்தப் பெயர்கள் ரேகையின் அழகை மட்டுமே குறிக்கும்; பொருளைக் குறிக்காது.

கடையும் முறை

கட்டையை அளவுக்கு அறுத்து, நடுவில் துளையிடுகிறார்கள். மெல்லிய வகைப் பேனாவுக்கு 7 மில்லிமீட்டர் துளை. ஒரே மூச்சில் துளைத்தால் சூடேறி கட்டை வெடிக்கும். ஆகவே துளைக்கருவியை அடிக்கடி வெளியே இழுத்துச் சீவலை நீக்க வேண்டும். பிறகு பித்தளைக் குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்சிப் பசை தடவித் துளைக்குள் ஒட்டுகிறார்கள். முனைகளைச் சமப்படுத்தி, கடைசல் இயந்திரத்தில் ஏற்றிக் கடைகிறார்கள்.

உலோகப் பொடி சாதாரண உளியின் கூரை விரைவில் மழுக்கிவிடும். அதனால் கார்பைடு முனை உளியைக் கொண்டு, சிறிது சிறிதாகச் சீவுகிறார்கள். அவசரப்பட்டால் விளிம்பு பெயர்ந்து, கட்டையும் உழைப்பும் வீண். கடைந்ததும் தண்ணீர் தொட்டு, படிப்படியாக நைசான தாள்களால் தேய்க்கிறார்கள். மேலே படிந்த ரெசின் நீங்கி உலோகத் துகள் வெளிப்பட்ட பிறகுதான் அந்தப் பளபளப்பு வரும். இந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகமூடி இன்றிச் செய்யக்கூடாத வேலை. பேனாவின் விலையில் பெரும்பகுதி இந்தக் கைவேலைக்குத்தான்.

எடைக் கணக்கும் படிக் கணக்கும்

"இதில் 88 சதவீதம் உலோகம்" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. படியில் அளப்பதும் தராசில் நிறுப்பதும் வேறு என்பது நமக்குத் தெரிந்ததே. பித்தளை ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 8.5 கிராம், ரெசின் சுமார் 1.15 கிராம். இரண்டையும் படிக்குப் படி சமமாகக் கலந்தால், எடையில் 88 சதவீதம் பித்தளை ஆகிவிடும். படியில் கால் பங்குதான் பித்தளை என்றாலும் எடையில் 71 சதவீதம் வரும். எனவே சதவீதம் சொல்பவரிடம், "எடையிலா, அளவிலா?" என்று கேளுங்கள்.

முழுக் கட்டையையே வாங்குவதானால் தராசு போதும். மேலே சொன்ன அளவுள்ள கட்டை முழுப் பித்தளையானால் 390 கிராம் அளவில் இருக்கும். வெறும் ரெசின் 53 கிராம் அளவில் இருக்கும். கலப்புக் கட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள்

1. முடிந்த பேனாவில் கனத்தை நம்பாதீர்கள். உள்ளே பித்தளைக் குழாய் இருப்பதால் வெறும் ரெசின் பேனாவும் கனமாகவே இருக்கும்.

2. காந்தம் இரும்புப் பொடியை மட்டுமே காட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் முழு உலோகமாக இருந்தாலும் ஒட்டாது.

3. எலக்ட்ரீஷியனின் மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் பேனாவின் உடலில் வையுங்கள். மேற்பூச்சு இல்லாத முழு உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். கலப்புப் பொருளில் துகள்களைச் சுற்றி ரெசின் இருப்பதால் பெரும்பாலும் கடத்தாது.

4. ரீஃபிலைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊரில் கிடைக்காத ரீஃபில் என்றால், மை தீர்ந்ததும் பேனா உங்களிடமே திரும்பி வரும்.

5. செம்பும் வெண்கலமும் பொடியாக இருந்தாலும் கை வியர்வை பட்டால் கறுக்கும். மெழுகோ மேற்பூச்சோ இடப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, வாங்குபவரிடமும் சொல்லுங்கள்.

பில்லில் எழுத வேண்டியது

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு பொருளின் கலவையைப் பற்றித் தவறாகச் சொல்வது முறையற்ற வணிகச் செயல். பில் தர மறுப்பதும் அப்படியே. "மொத்த வியாபாரி சொன்னார்" என்ற பதில் வாடிக்கையாளர் முன் நிற்காது. ஆகவே சரக்கு எடுக்கும்போதே, என்ன பொருள் என்று கொள்முதல் பில்லில் எழுதி வாங்குங்கள். விற்கும்போது "செம்புப் பேனா" என்று எழுதாமல், "செம்புப் பொடி கலந்த ரெசின் பேனா, கைக்கடைசல்" என்று எழுதுங்கள். மைக்கா வகையானால் "உலோக நிற ரெசின்" என்பதே சரி.

இப்படி எழுதினால் விற்குமா என்று கேட்கலாம். அந்த ஆசிரியருக்கு நடந்ததற்குப் பிறகு நான் இப்படித்தான் எழுதுகிறேன். கடையும் விதத்தை இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால், வாங்குபவர் பேனாவைக் கையில் உருட்டி, ரேகையை வெளிச்சத்தில் பார்க்கிறார். ஒரு பேனா போல இன்னொன்று இல்லை என்பது அவருக்கே தெரிகிறது. சிலர் வேண்டாம் என்று போய்விடுவதும் உண்டு. வாங்கிப் போனவர் யாரும் "ஏமாற்றிவிட்டாய்" என்று இதுவரை திரும்பி வந்ததில்லை.