இருபது நிமிட அக்னிப் பரீட்சை

வரலாற்று ஆய்வு மாணவர்கள் தாங்களே கூட்டி, தாங்களே வாசித்து, தாங்களே வாங்கிக் கட்டிக்கொள்ளும் கருத்தரங்குகள்

வாசலில் பெயர் அட்டை எழுதித் தருபவர் முகலாயர் கால நில வரியை ஆராய்பவராக இருப்பார். மைக்கைச் சரிசெய்பவர் 19ஆம் நூற்றாண்டு காலராவில் நான்காண்டுகளாக மூழ்கியிருப்பவர். சமோசா இன்னும் வரவில்லையே என்று தவித்துக்கொண்டிருப்பவர், அடுத்த அமர்வில் கட்டுரை வாசிக்க வேண்டியவர். தலைநகரின் பல்கலைக்கழகங்களில் வரலாற்று ஆய்வு மாணவர்கள் நடத்தும் கருத்தரங்குகளில் தனியாக அமைப்பாளர்கள் கிடையாது. எல்லா வேலையும் மாணவர்களுடையதுதான்.

பெரிய மேடை இல்லாமல் இல்லை. 1935ல் புனாவில் பிறந்த இந்திய வரலாற்றுப் பேரவை இளம் ஆய்வாளர்களுக்கும் இடம் தருகிறது. ஆனால் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் குவியும் அந்தத் திருவிழாவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். கேள்விக்கு அதைவிடச் சொற்பம்.

மாணவர் கருத்தரங்கின் கணக்கு வேறு. பல மாதங்களுக்கு முன்பே அழைப்பு போகும். வந்து சேரும் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துச் சலிப்பதும் மாணவர் குழுதான். தேர்வானவர்களுக்குப் பதினைந்து, இருபது நிமிடம். "இரண்டு நிமிடம்" என்று எழுதிய துண்டுச் சீட்டு நீட்டப்பட்டதும் கடைசி நான்கு பக்கங்கள் மாயமாக மறையும். அதன்பின்தான் உண்மையான நிகழ்ச்சி. போலீஸ் அறிக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விவசாயிகளின் மனதைப் படித்துவிட்டதாகச் சொல்பவரிடம், அந்த அறிக்கையை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் அத்தியாயமே ஆட்டம் காணும். ஆய்வேடு தேர்வாளர் கையில் போய் ஆட்டம் காண்பதைவிட இது மேல்.

வரலாற்று ஆய்வு தனிமை நிறைந்த தொழில். தில்லி ஜன்பத்தில் 1926ல் கட்டி முடிக்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகக் கட்டிடத்திலோ, 1909ல் திறந்த சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ மாதக்கணக்கில் கோப்புகளோடு மட்டும் பேசியவருக்கு, எதிரே மனிதர்கள் உட்கார்ந்து கேட்பதே பெரிய விஷயம்.

இந்த அரங்குகளுக்குச் சட்டமும் ஒரு கை கொடுத்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தரும் முன் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் வாசிக்க வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி. விளைவு? கட்டணம் கட்டினால் சான்றிதழ் என்ற வியாபாரமும் கூடவே செழித்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகள் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டன. எம்.ஃபில். பட்டமும் விடைபெற்றது. சிறிய ஆய்வேடு ஒன்றில் கை பழகிய பிறகு பெரியதில் இறங்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. சான்றிதழுக்காக வந்த கூட்டம் இனி குறையலாம். ஆனால் பயிற்சிக்களத்தின் தேவை முன்பைவிட அதிகம்.

பணம்தான் இடிக்கிறது. தேசியத் தகுதித் தேர்வு வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. அது கிடைக்காத மத்தியப் பல்கலைக்கழக மாணவருக்கு ரூ.8,000. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. ரயில் கட்டணம் தர வழியில்லாத அமைப்பாளர்கள், விடுதி நண்பர்களின் அறையில் ஒரு பாய் விரித்துத் தருகிறார்கள்.

பாயைவிடச் சிக்கலானது மொழி. ஆதாரங்கள் மராத்தியிலும் உருதுவிலும் தமிழிலும் இருக்க, விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மோடி எழுத்தைச் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர் கேள்வி நேரத்தில் தடுமாறுவதும், ஆங்கிலம் சரளமாக வருபவரின் மெலிந்த ஆதாரம் தப்பிவிடுவதும் உண்டு. தாய்மொழியில் வாசிக்க இடம் கொடுத்து, நண்பர் ஒருவர் மொழிபெயர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். துறைத் தலைவரின் உத்தரவுக்குக் காத்திருக்காமல் அதைச் செய்யக்கூடியவர்கள் இந்த மாணவர்கள்தான்.

மாலையில் நாற்காலிகளை அடுக்குவதும் அவர்களே. கட்டுரையை வாசித்தவர் குறிப்பேட்டில் இரண்டு கேள்விகள் இருக்கும். மறுநாள் காலை காப்பகத்தில் அவர் கேட்கும் கோப்பு, முந்தின வாரம் அவர் நினைத்தே பார்க்காததாக இருக்கும்.