கெப்சூல் உறையும் நமது கேள்வியும்

இரைப்பை வருத்தத்துக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த கெப்சூலை என் சாச்சி மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். உறையில் பன்றிக் கொழுப்பு இருப்பதாக யாரோ சொன்னார்களாம். பாமசியில் விசாரித்தேன். "ஜெலட்டின் என்று மட்டும்தான் போட்டிருக்கு நானா, எந்த மிருகம் என்று இல்லை" என்றார் அங்கிருந்த தம்பி.

ஜெலட்டின் கொழுப்பல்ல. மிருகத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். மாடென்றாலும் முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி எஞ்சும். உலமாக்களும் ஒரே கருத்தில் இல்லை. பொருள் முற்றாக உருமாறினால், அதாவது இஸ்திஹாலா நிகழ்ந்தால், தடை நீங்கும் என்று 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவ, பிக்ஹ் கருத்தரங்கு முடிவு செய்தது. இந்தோனேசிய உலமா சபையோ 2018இல் சின்னமுத்து, ருபெல்லா தடுப்பூசி ஒன்றை, தயாரிப்பில் பன்றிக் கூறு பயன்பட்டதால் ஹராம் என்றது. ஆனால் மாற்று இல்லாதவரை போடலாம் என்றும் அதே பத்வாவில் கூறியது. சாச்சிக்குச் செய்தி சொன்னவர் இந்தப் பின்பாதியைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்!

வியாபாரப் பக்கத்தில் இதை எழுதக் காரணம் உண்டு. மலேசியா 2012இலேயே ஹலால் மருந்துகளுக்கென எம்.எஸ். 2424 என்ற தரநிர்ணயத்தை வெளியிட்டது. மூலப்பொருள் மட்டுமன்றி பொதியிடல், களஞ்சியப்படுத்தல், விநியோகம் வரை அது பார்க்கிறது. இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளையும் படிப்படியாக உள்ளடக்குகிறது. வைத்தியரின் துண்டுக்கு வாங்கும் மருந்துகளுக்கு 2034 வரை தவணை. தாவர நாரிலிருந்து செய்யும் கெப்சூல் உறைகளும் சந்தையில் உண்டு. விலைதான் சற்றுக் கூட.

நாமோ பெரும்பாலான மருந்துகளை இறக்குமதி செய்பவர்கள். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம் விற்றமின் போத்தலைப் பார்ப்பதில்லை. கேட்காத வாடிக்கையாளருக்காக எந்த இறக்குமதியாளரும் கம்பனிக்குக் கடிதம் எழுதமாட்டார். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எழுந்த எதிர்ப்பு நினைவிருப்பதால் பலர் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். ஆனால் இங்கே இலச்சினைகூட வேண்டாம், ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்ற ஒரு வரி போதும். மாட்டிறைச்சி உண்ணாத பௌத்த, இந்து அயலவருக்கும் அந்த வரி உதவும்.

சாச்சியை மீண்டும் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அவர் கோபிக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் குளிசையொன்றை எழுதித் தந்தார். அதற்குள் சாச்சி நான்கு நாள் நெஞ்செரிவோடு கிடந்துவிட்டார்.