எலுமிச்சை ஏன் கப்பல் ஏறுவதில்லை?

பட்டுக்கோட்டைப் பக்கம் எலுமிச்சை இல்லாமல் எதுவும் நடக்காது. நாடியம்மனுக்கு மாலை, புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் பழம், சித்திரை வெயிலில் உப்புப் போட்ட சர்பத். ஆனால் மரத்தைத் தேடினால் கொல்லைப்புறத்தில் ஒன்றிரண்டு தட்டுப்படும். தோப்பாகப் பார்ப்பது அரிது. தமிழ்நாட்டில் எலுமிச்சைக்குப் பெயர்போன சந்தை தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி. அங்கிருந்து கேரளத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. ஆந்திராவில் கூடூர் இன்னொரு பெரிய சந்தை.

எலுமிச்சை வேருக்குத் தண்ணீர் வேண்டும், தேங்கிய தண்ணீர் ஆகாது. காவிரியின் பழைய டெல்டாக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் நீர் நின்றால், பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி அடிமரத்தில் புகுந்துவிடும். பட்டை வெடித்துப் பிசின் வடியும், மரம் மெல்லச் சாகும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி வட்டாரம் கொஞ்சம் வேறு. 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டா இது. மண்ணில் மணல் கலப்பு அதிகம், நீர் வடியும். தென்னை இங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அந்தத் தென்னைகளை லட்சக்கணக்கில் சாய்த்துப் போட்டது. ஒரே மரத்தை நம்பி உட்காரலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வலுத்தது. மாற்றுப் பயிர் என்று பேச ஆரம்பித்தால் எலுமிச்சையின் பெயர் வரும், கூடவே ‘ஏற்றுமதி’ என்ற ஆசையும் வரும். அந்த ஆசையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்கில் எலுமிச்சை வகைப் பழங்களை அதிகம் விளைவிக்கும் நாடுகளில் இந்தியாதான் அண்மை ஆண்டுகளில் முன்னால் நிற்கிறது. ஆண்டுக்கு 35 லட்சம் டன்னுக்குக் குறைவில்லை. ஸ்பெயினில் விளைவது அதில் பாதிகூட இல்லை. ஆனால் உலகச் சந்தையில் பெரிய கை ஸ்பெயின்தான். துருக்கியும் தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் அதே வரிசையில் உண்டு. நம்முடைய பழம் வளைகுடா நாடுகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொஞ்சம் போகிறது, மற்றதெல்லாம் நம் வீட்டுச் சோற்றோடு தீர்ந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது நாடே அலறியது நினைவிருக்கும். முதல் காரணம் இதுதான்: உள்ளூரிலேயே இத்தனை வாய் காத்திருக்கும் பண்டத்தை வெளியே அனுப்ப வியாபாரிக்கு என்ன அவசரம்?

இரண்டாவது காரணம் பழத்தின் தோல். நம் எலுமிச்சையின் தோல் காகிதம்போல மெல்லியது, சாறு அதிகம், விதையும் அதிகம். வெளிநாட்டுக் கடைகளில் விற்பது பெரும்பாலும் வேறு பழங்கள். ஒன்று, தடித்த மஞ்சள் தோல் கொண்ட ‘லெமன்’. மற்றொன்று, விதையே இல்லாத பாரசீக எலுமிச்சை. மெக்சிகோ அமெரிக்காவுக்கு மலைமலையாக அனுப்புவது இதைத்தான். தோல் தடித்திருந்தால் வாரக்கணக்கான கப்பல் பயணத்தைத் தாங்கும். பறிக்கும்போதும் தோலைக் கவனிக்க வேண்டும்; அது முழுக்க எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்திருக்கின்றன. அதிகாலைப் பனியில் தோல் விறைத்திருக்கும் நேரத்தில் பறித்தால் கை அழுத்தத்திலேயே அவை உடையும். கசிந்த எண்ணெய் பக்கத்துத் தோலைப் பொசுக்கிவிடும். பறித்த அன்று தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து, பெட்டியைத் திறக்கும்போது பழுப்புத் திட்டாக முகத்தைக் காட்டும். அதனால்தான் தரம் பார்க்கும் தோட்டங்களில் வெயில் ஏறிய பிறகே பறிப்பார்கள்.

மூன்றாவதுதான் பெரிய முட்டுக்கட்டை: சொறி நோய். ஒரு பாக்டீரியா இலையிலும் காயிலும் சொரசொரப்பான புண்ணை உண்டாக்கும். தின்பவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஒரு பெட்டியில் அது தென்பட்டாலே ஐரோப்பாவின் கதவு சாத்திக்கொள்ளும். நம் எலுமிச்சையோ இந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் இனம். மழைத்துளி தெறித்தால் பரவும், காற்றடித்தால் தோட்டம் விட்டுத் தோட்டம் தாவும், இலைத் துளைப்பான் புழு கிழித்த இடம் அதற்குத் திறந்த வாசல். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மரங்களை லட்சக்கணக்கில் வெட்டி எரித்து இந்த நோயை ஒழிக்கப் பார்த்தார்கள். 2004, 2005 புயல்கள் அதை மாநிலம் முழுக்கத் தூவிவிட்டன. 2006இல் முயற்சியையே கைவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும், வங்கக்கடல் புயல் அவ்வப்போதும் வந்துபோகும் பட்டுக்கோட்டைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை கிடைக்காது. சொறியில்லாத பழத்தை டன் கணக்கில் இங்கே விளைவித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நோய் இல்லாவிட்டாலும் வாங்கும் நாட்டின் மனம் ஒன்று இருக்கிறது. நாக்பூர் ஆரஞ்சை அதிகம் வாங்கியது வங்கதேசம். 2019க்குப் பிறகு அவர்கள் இறக்குமதி வரியை ஏற்றிக்கொண்டே போக, நாக்பூர் இருக்கும் விதர்பாப் பகுதி விவசாயிகளின் பழம் உள்ளூர்ச் சந்தையிலேயே குவிந்தது. தென்னாப்பிரிக்கா தன் ஆரஞ்சு வகைப் பழங்களுக்கு ஐரோப்பா விதித்த கட்டுப்பாடுகளை எதிர்த்து 2022இலும் 2024இலும் உலக வர்த்தக அமைப்பின் படியேறியது. அவர்களுக்கே அந்த நிலை.

பழமாக இல்லாமல் சாறாக அனுப்பலாமே என்றால், இத்தாலியின் சிசிலித் தீவின் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு வேண்டிய சிட்ரிக் அமிலத்தின் மூலப்பொருள் அங்கேயிருந்துதான் பெரும்பாலும் போனது. எலுமிச்சைச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கெட்டியாக்கி அனுப்புவார்கள். 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்க வேதியியலாளர், கறுப்புப் பூஞ்சை ஒன்று சர்க்கரையைத் தின்று அதே அமிலத்தைச் செய்யும் என்று காட்டினார். சில ஆண்டுகளில் சிசிலியின் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இன்று சோடா பாட்டிலில் புளிப்பது அந்தப் பூஞ்சையின் கைவேலைதான், எலுமிச்சை இல்லை.

அப்படியானால் இந்த வட்டாரத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அது பச்சைப் பழத்தில் இல்லை. டெல்டா வீடுகளில் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் உப்பு நார்த்தங்காயைப் பாருங்கள். தடித்த தோலோடு காயைச் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, ஜாடியில் சில நாள் ஊறவைப்பார்கள். பிறகு பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் அந்த உப்புச் சாற்றிலேயே திரும்பப் போட வேண்டும். சாறு வற்றும்வரை இதே வேலை. புளிப்பும் உப்பும் சேர்ந்த இடத்தில் கெடுக்கும் கிருமி எளிதில் பிழைக்காது. பச்சைப் பழத்துக்கு விதிக்கும் சொறிக் கட்டுப்பாடு இதற்கு இல்லை. மிளகாய்த் தூளும் எண்ணெயும் சேராததால், 2003இல் ‘சூடான்’ என்ற கலப்படச் சாயத்தால் இந்திய மிளகாய்க்கு ஐரோப்பாவில் வந்த வம்பும் இதை அண்டாது. அதிராம்பட்டினத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பெட்டிக்குள் ஊறுகாய்ப் பாட்டில் எப்போதும் பயணம் செய்துதான் வந்திருக்கிறது.

இது வெறும் ஆசை இல்லை. கெர்கின் என்ற சிறு வெள்ளரியை நம் ஊரில் அனேகமாக யாரும் சாப்பிடுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்துத் தமிழ்நாட்டுக்கும் பரவிய இந்தப் பயிர், உப்பு நீரிலும் வினிகரிலும் மூழ்கியபடி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. கம்பெனி விதையையும் உரத்தையும் கொடுத்து, விலையையும் முன்பே பேசிவிடும், விவசாயி பறித்துக் கொடுப்பார். நார்த்தைக்கு அந்த ஏற்பாடு சட்டென்று வராது; கெர்கின் இரண்டே மாதத்துக்குள் பறிப்புக்கு வரும், நார்த்தை மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். உப்பின் அளவு ஜாடிக்கு ஜாடி மாறாமல் இருக்க வேண்டும், காயவைக்கும் இடத்தில் மண்ணும் ஈயும் படக்கூடாது, உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும். தென்னைக்கு நடுவே பத்து நார்த்தை நடும் துணிச்சல் உள்ளவர் முதலில் உள்ளூர் மளிகைக் கடைக்கு மாதம் நூறு பாட்டில் கொடுத்துப் பார்க்கட்டும். துறைமுகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.