மழைக்காலத்தில் மின்னாக்கியின் காப்பு

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் மழை எல்லை அறியாது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இவ்வூர்களை நனைக்கின்றன. பூவாற்றுக் கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்கிறது. மழையில் மின்சாரம் தடைப்படும்போதுதான், பல மாதம் ஓய்ந்து கிடந்த மின்னாக்கியை, அதாவது ஜெனரேட்டரை, நாம் அவசரமாக இயக்குகிறோம். ஆபத்தும் அப்போதுதான் நேருகிறது.

மின்னாக்கியினுள் இருக்கும் செப்புச் சுருள்களின்மீது பூசிய வார்னிஷும், சுற்றிய தாள்களும் மின்சாரத்தை வெளியேறாமல் தடுக்கின்றன. இதுவே மின்காப்பு. ஈரமும் தூசியும் உப்பும் படிந்தால் காப்பு தளர்ந்து, மின்சாரம் இரும்பு உடலுக்குக் கசியும். எர்த் இணைப்பும் பழுதாயின், அவ்வுடலைத் தொடுபவரின் உயிருக்கே கேடு.

இக்குறையைக் கண்ணால் காண இயலாது. மெக்கர் என்னும் கருவியே காட்டும். பயின்ற மின் பணியாளர் இயந்திரத்தை நிறுத்தி, பாட்டரியையும் வெளிக் கம்பிகளையும் கழற்றுவார். வோல்ட்டேஜ் சீராக்கியையும் கழற்ற வேண்டும். இல்லையேல் அது சோதனையிலேயே கெடும். பின்னர்ச் சுருளுக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்சாரத்தை ஒரு நிமிடம் செலுத்தித் தடையை அளப்பார். 415 வோல்ட் இயந்திரத்தில் அது 5 மெகோமுக்குக் குறைந்தால் இயக்கலாகாது. தூசி நீக்கி, மிதமான வெப்பத்தில் உலர்த்தி, மீண்டும் அளக்க வேண்டும். அளந்தபின் சுருளில் தங்கிய மின்னூட்டத்தை எர்த்துக்கு இறக்கிவிடுதலும் கட்டாயம்.

நீர்மின் நிலையங்களின் பெரிய மின்னாக்கிகளில் சோதனை பத்து நிமிடம் நீளும். காப்பு உலர்ந்திருந்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். ஈரமாயின் ஏறாது நிற்கும். பத்தாம் நிமிட அளவு முதல் நிமிட அளவைப் போல் இரு மடங்காயின் பொதுவாக நலம் என்பர்.

ஒரே ஓர் அளவை மட்டும் நம்பலாகாது. சுருளின் வெப்பம் 10 பாகை உயர்ந்தால் தடை ஏறத்தாழப் பாதியாகும். ஆதலின் வைகாசி மழைக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும் அளந்து, தேதியையும் வெப்பத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். சென்ற ஆண்டு 100 மெகோம் காட்டிய இயந்திரம் இவ்வாண்டு 10 காட்டினால், அது வரம்புக்கு மேலே இருப்பினும் எச்சரிக்கையே. அந்த எச்சரிக்கையைக் காலத்தில் நமக்கு உணர்த்துவது அக்குறிப்பேடுதான்.